கடைக்காரத் தாத்தாவைக் காகிதத்தில் தேடலாம், வா! அக்கா சொல்கிறேன்

"நம்ம முப்பாட்டன் வெள்ளைக்காரன் காலத்துல பெரிய வியாபாரி. ஊருக்கே கடன் கொடுத்தவர்." பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்தில் இந்தப் பேச்சு இல்லாத குடும்பம் குறைவு. பருத்தியோ எண்ணெயோ புடவையோ ஏற்றி வெள்ளாற்றங்கரையோடு பரங்கிப்பேட்டைத் துறைமுகத்துக்கு வண்டி அனுப்பினார் என்பார்கள். பெயர் தெரியும், கடை இருந்த தெரு தெரியும், அதற்கு மேல் யாரைக் கேட்டாலும் தெரியாது. அந்தத் தாத்தாவைத் தேட நினைக்கிற தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். தேடு. கண்டிப்பாகக் கிடைப்பார். எந்தக் காகிதத்தில் இருப்பார் என்று தெரிந்துகொண்டு கிளம்பினால் போதும்.

வியாபாரம் நன்றாக நடந்த வருஷங்களில் சர்க்கார் அவரைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்காது. கடன் கொடுத்தார், திரும்பி வரவில்லை, கோர்ட்டுக்குப் போனார். அண்ணன் தம்பி பாகம் பிரிந்தார்கள். தம்பி பெண்டாட்டி ஜீவனாம்சம் கேட்டார். சொத்து ஏலத்துக்கு வந்தது. இந்த இடங்களில்தான் அவர் பெயர் பளிச்சென்று தெரியும். "தாத்தா வாங்கிய நிலம் எது?" என்று மட்டும் தேடுகிறவர்கள் பாதி வழியில் நின்றுபோவது இதனால்தான். "தாத்தா யாரோடு கணக்குத் தீர்த்தார்?" என்று தேடு.

பச்சையப்ப முதலியாரையே எடுத்துக்கொள். 1754-ல் பிறந்தவர், கம்பெனிக்காரர்களிடம் துபாஷியாக இருந்தவர், தஞ்சாவூர் வரை கொடுக்கல் வாங்கல் நடத்தியவர். 1794-ல் உயில் எழுதிவைத்துத் திருவையாற்றில் இறந்தார். நம்ம திருமானூரிலிருந்து கொள்ளிடம் பாலம் தாண்டினால் வருகிற அதே திருவையாறு. உயிலில் சொன்ன தர்மங்கள் பல வருஷம் நடக்காமல் கிடந்தன. சென்னை சுப்ரீம் கோர்ட்டில் வழக்கு நடந்தது. அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன் முனைந்து நின்றதால் அந்தப் பணம் மீண்டு, 1842-ல் பள்ளிக்கூடமாகி, பிறகு பச்சையப்பன் கல்லூரியாக வளர்ந்தது. தகராறு இல்லாமல் எல்லாம் சுமுகமாக முடிந்திருந்தால் அந்த மனிதரைப் பற்றி இன்றைக்கு எவ்வளவு தெரிந்திருக்கும்? உன் தாத்தா அவ்வளவு பெரிய ஆளாக இல்லாமல் இருக்கலாம். ஆனால் வழி ஒன்றுதான்.

கிளம்புவதற்கு முன்னால் சொந்தக்காரர்களிடம் பேசு

இதைச் செய்யாமல் ஒரு அலுவலகப் படியும் ஏறாதே. பழைய பத்திரம் பற்றி நீ விசாரிக்கிறாய் என்று காதில் விழுந்ததுமே சித்தப்பா வீட்டில் "சொத்துக்கு அடி போடுகிறான்" என்று நினைப்பார்கள். அவர்கள் பயமும் நியாயமானதுதான். நேரில் போய், "எனக்கு ஒரு சென்ட் நிலமும் வேண்டாம் பெரியப்பா, தாத்தா யாருன்னு தெரிஞ்சா போதும்" என்று வாய் திறந்து சொல். நீயும் அதை மனசார நம்பு. அடுத்தவர் பல தலைமுறையாக அனுபவிக்கிற நிலத்தை நூறு வருஷத்துக் கிரயப் பத்திரத்தைக் காட்டி வாங்க முடியாது. காலவரையறைச் சட்டம் அதற்கு இடம் தராது. அப்படி ஆசை காட்டிப் பணம் கேட்கிற தரகர் யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடு.

வயதான அத்தைகள், பாட்டிகளிடம் மூன்று விஷயம் கேட்டுக் குறித்துக்கொள். தாத்தாவின் அப்பா பெயர், பெண் கொடுத்து எடுத்த ஊர்கள், கடைக்கு வைத்திருந்த விலாசம். பேரனுக்குத் தாத்தா பெயரையே வைக்கிற வழக்கத்தால் ஒரே பெயர் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை வரும். அப்பா பெயர் தெரியாவிட்டால் இரண்டு பேரை ஒருவராக்கிவிடுவாய். கடையின் பெயரிலேயே பத்திரமும் வழக்கும் நடந்திருக்கலாம் என்பதால் விலாசம் முக்கியம். டிரங்குப் பெட்டியில் முத்திரைத்தாள் கிடைத்தால் முதலில் போட்டோ எடு. மடிப்பில் கிழிந்திருந்தால் செல்லோடேப் ஒட்டாதே; அந்தப் பசை சில வருஷத்தில் எழுத்தையே தின்றுவிடும். தாளில் உள்ள ராஜா தலையே காலத்தைச் சொல்லும். விக்டோரியா என்றால் 1901 வரை, ஏழாம் எட்வர்டு 1910 வரை, ஐந்தாம் ஜார்ஜ் 1936 வரை.

ஜமீன் ஊரா, சர்க்கார் ஊரா?

எல்லாவற்றுக்கும் இதுதான் ஆதாரக் கேள்வி. பெரம்பலூர்ப் பக்கம் பெரும்பாலும் ரயத்துவாரி. அதாவது குடியானவர் நேராக சர்க்காருக்கு வரி கட்டினார், பட்டா சர்க்கார் கணக்கில் இருந்தது. அரியலூர், உடையார்பாளையம் பக்கம் ஜமீன் ஊர்கள் நிறைய. 1801-ல் கர்நாடகம் கம்பெனி கைக்கு வந்த பிறகும் அந்தப் பாளையக்காரர்கள் ஜமீன்தார்களாகத் தொடர்ந்தார்கள். அங்கே பட்டா கொடுத்தது ஜமீன், குடியானவரிடம் முச்சலிக்கா என்கிற ஒப்புதல் எழுத்து வாங்கியதும் ஜமீன். 1948-ஆம் வருஷத்து எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் வந்த பிறகுதான் அந்த நிலங்களுக்கு சர்க்கார் செட்டில்மென்ட் நடந்து ரயத்துவாரிப் பட்டா வந்தது. ஆகவே ஜமீன் கிராமத்துத் தாத்தாவைத் தாலுகா ஆபீஸின் பழைய பதிவேட்டில் காணோம் என்றால் மனசு விட்டுப்போகாதே. அவர் பத்திரப்பதிவிலும் கோர்ட்டிலும் இருப்பார்.

ரயத்துவாரி ஊர் என்றால் பின்னோக்கி நட. இன்றைய சர்வே எண்ணை இ-சேவை தளத்தில் அ-பதிவேட்டில் பார். 1979 முதல் 1987 வரை நடந்த யூ.டி.ஆர். திட்டத்தில் எண்களும் பெயர்களும் புதுப்பிக்கப்பட்டன. அதற்கு முந்தைய செட்டில்மென்ட் பதிவேட்டைத் தாலுகா அலுவலகத்திலோ கலெக்டர் அலுவலகத்திலோ கேள். பழைய எண்ணுக்கும் புது எண்ணுக்கும் ஒத்துப்பார்க்கும் பட்டியல் உண்டா என்றும் கேள். இன்னும் பழைய பத்திரத்தில் பைமாஷ் நம்பர் வரும், அது சர்வேக்கு முந்தைய அளவையின் எண், வேறு. எண் ஒத்துவராவிட்டால் நான்கு எல்லையை வைத்துப் பிடி. "ஏரி வாய்க்காலுக்கு வடக்கு, இன்னார் புஞ்சைக்கு மேற்கு" என்று எழுதியிருப்பார்கள். ஏரியும் வாய்க்காலும் லேசில் இடம் மாறாது. வழக்கமாகக் கிராமக் கணக்குகளை வைத்திருந்த கர்ணம், மணியக்காரர் பதவிகளை 1980 நவம்பரில் எடுத்துவிட்டார்கள். பழைய கர்ணம் வீட்டுப் பெரியவர்கள் யாராவது ஊரில் இருந்தால் மரியாதையாகப் போய்ப் பார். காகிதம் இல்லாவிட்டாலும் எந்த நிலம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று அவர்களுக்கு வாய்ப்பாடமாகத் தெரிந்திருக்கும்.

கணக்கில் பசலி என்று இருந்தால் 590 கூட்டு. பசலி 1310 என்றால் 1900 ஜூலை முதல் 1901 ஜூன் வரை. தமிழ் வருஷப் பெயர் அறுபது வருஷத்துக்கு ஒருமுறை திரும்பி வரும். பிரபவ என்று மட்டும் இருந்தால் அது 1867-ஆகவும் இருக்கலாம், 1927-ஆகவும் இருக்கலாம். பத்திரத்தில் வேறு எதையாவது வைத்து உறுதி செய்யாமல் எழுதிவிடாதே.

பத்திரப்பதிவு ஆபீஸில் எதைக் கேட்பது?

நம் பக்கத்தில் முறையான ஆவணப்பதிவு 1865-ல் தொடங்கியது. இன்றைக்கு இணையத்தில் எடுக்கிற வில்லங்கம் பெரும்பாலான ஊர்களுக்கு 1975-க்குப் பிந்தியதுதான். அதற்கு முன்னால் என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்து மேனுவலாகத் தேட வேண்டும். தேடுகிற ஒவ்வொரு வருஷத்துக்கும் கட்டணம் உண்டு, அதனால் "1880-லிருந்து பாருங்கள்" என்று நிற்காதே. குடும்பக் கதையை வைத்து ஒரு பத்து வருஷத்துக்குள் சுருக்கிக்கொண்டு போ. பழைய பத்திரம் ஒன்று கையில் இருந்தால் அதன் பின்பக்கத்தைப் பார். 1 புத்தகம், இத்தனையாவது வால்யூம், இத்தனையாவது பக்கம், இந்த வருஷத்து இத்தனாம் நம்பர் என்று இருக்கும். அந்த நான்கையும் சொன்னால் வேலை பாதியாகக் குறையும்.

எந்த அலுவலகம் என்பதில்தான் பலர் அலைகிறார்கள். பெரம்பலூர் 1995-ல்தான் திருச்சியிலிருந்து தனி மாவட்டமாயிற்று. அரியலூர் 2001-ல் பிரிந்து, 2002-ல் மறுபடி சேர்ந்து, 2007-ல் நிலையாகப் பிரிந்தது. சார்பதிவகங்களும் இப்படியே பிரிந்து பிறந்தவை. "இந்தக் கிராமம் அந்தக் காலத்தில் எந்த ஆபீஸில் சேர்ந்திருந்தது?" என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள். கிராமம் புது அலுவலகத்துக்கு மாறினாலும் பழைய வால்யூம்கள் பழைய இடத்திலேயே இருக்கலாம்.

அங்கே இரண்டு அட்டவணை இருக்கும். ஒன்று பெயர்வாரி, இன்னொன்று ஊர்வாரி. எல்லோரும் நிலத்தை வைத்துத் தேடுவார்கள், நீ பெயரை வைத்துத் தேடு. எழுதிக்கொடுத்தவர், எழுதிவாங்கியவர் இரண்டு பக்கமும் அதில் வரும். வியாபாரத் தாத்தா கிரயத்தைவிட அடமானத்திலும் போக்கியத்திலும் ஒத்தியிலும்தான் அதிகம் எழுதிவாங்கியிருப்பார். விளைச்சலுக்கு முன் கடன், அதற்கு நிலம் ஈடு; வட்டாரத்து வியாபாரம் அதில்தான் ஓடியது. நூறு ரூபாய்க்குக் கீழே பதிவு கட்டாயமில்லை என்பதால் சில்லறைக் கடன்கள் இங்கே அகப்படாது. நிலம் சம்பந்தப்படாத பவர் பத்திரம், கூட்டுவியாபார ஒப்பந்தம் போன்றவை 4-ஆம் புத்தகத்தில் இருக்கும், உயில் 3-ஆம் புத்தகத்தில். 1-ஆம் புத்தகத்தை யாரும் கேட்டுப் பார்க்கலாம். உயிலின் நகல், எழுதியவர் இறந்துவிட்டால் கேட்பவருக்குக் கிடைக்கும். 4-ஆம் புத்தகத்துக்குச் சம்பந்தப்பட்டவர் வாரிசு என்று காட்ட வேண்டியிருக்கும். வாரிசுச் சான்று ஏதாவது கையில் வைத்துக்கொள்.

நகல் கிடைத்ததும் சொத்து விவரத்தோடு நிறுத்திவிடாதே. பெயருக்குப் பக்கத்தில் தகப்பனார் பெயர், குடியிருந்த ஊர், ஜீவனம் எல்லாம் இருக்கும். "வியாபாரம்" என்று அங்கே ஒரு சொல் கண்ணில் பட்டால், குடும்பக் கதைக்கு முதல் சாட்சி அதுதான். கடைசியில் சாட்சிகளும், தாத்தாவை அடையாளம் காட்டியவர்களும் இருப்பார்கள். மைத்துனர், பங்காளி, பக்கத்துக் கடைக்காரர் என்று நெருங்கியவர்களைத்தான் யாரும் கூட்டிப்போவார்கள். அந்தப் பெயர்களைத் தனியாக எழுதிவைத்துக்கொண்டு மறுபடி பெயர் அட்டவணைக்குப் போ.

ஏலச் சான்றிதழ் என்கிற பாலம்

இதைப் பலர் கவனிப்பதில்லை. கோர்ட் ஏலத்தில் நிலம் விற்றால், கோர்ட் தருகிற விற்பனைச் சான்றிதழின் நகல் பதிவு அலுவலகத்துக்கு வந்து 1-ஆம் புத்தகத்திலேயே கோக்கப்படும். அதில் எந்தக் கோர்ட், எந்த வருஷம், வழக்கு எண் என்ன என்பதெல்லாம் இருக்கும். தாத்தா ஏலம் எடுத்திருந்தாலும் சரி, தாத்தாவின் சொத்தே ஏலம் போயிருந்தாலும் சரி, அந்த ஒரு தாள் உன்னைக் கோர்ட் வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிடும்.

கோர்ட்டில் நகல் மனுப் போட வழக்கு எண்ணும் வருஷமும் தேவை. வக்கீல் குமாஸ்தா ஒருவரின் உதவி இருந்தால் நல்லது. வழக்குக் கட்டு முழுவதையும் கோர்ட் என்றைக்கும் வைத்திருக்காது; காலக்கெடு முடிந்தவற்றை அழிக்க 1917-லிருந்தே சட்டம் உண்டு. தீர்ப்பும் டிகிரியும் வழக்குப் பதிவேடும் மற்றவற்றைவிட நீண்ட நாள் தங்கும். கட்டு போய்விட்டது என்று சொன்னால் பதிவேட்டு விவரத்தையாவது கேள். பெரம்பலூர், அரியலூர் வழக்குகளுக்கு அந்தக் காலத்தில் மேல் கோர்ட் திருச்சி என்பதால் அப்பீல் தடயம் அங்கே இருக்கும். உயர் நீதிமன்றம் வரை போயிருந்தால் சென்னைதான். திருச்சி இன்றைக்கு மதுரைக் கிளையில் சேர்ந்தது, நம் இரண்டு மாவட்டமும் சென்னையோடு இருப்பவை. கிளை வந்ததே 2004-ல்தான்.

மேல் கோர்ட் வழக்கு என்றால் உனக்கு அதிர்ஷ்டம். சென்னை உயர் நீதிமன்றம் 1862-ல் தொடங்கியது; 1876-லிருந்து சென்னை வரிசைத் தீர்ப்புத் தொகுதிகள் அச்சாயின. இவற்றில் நிறையத் தீர்ப்புகளை இந்தியன் கானூன் தளத்தில் காசில்லாமல் படிக்கலாம். ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடு. உடையார்பாளையம் ஜமீன் வாரிசு வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1905-ல் முடிந்தது. அப்படிப்பட்ட தீர்ப்புகள் குடும்ப மரத்தையே விரித்துவைக்கும். உன் தாத்தா ஜமீனுக்குக் கடன் கொடுத்தவரா, ஜமீன் நிலத்தைக் குத்தகை எடுத்தவரா என்று தெரிய ஜமீன் வழக்குகளையும் ஒருமுறை புரட்டிப் பார்.

புரோநோட்டு வழக்குக்கு மூன்று வருஷம்தான் கெடு. கடன் கொடுத்த வருஷம் தெரிந்தால் மூன்றாவது வருஷத்து வழக்குப் பதிவேட்டைப் பார். கெடு முடியப்போகிற நேரத்தில்தான் பலர் கோர்ட்டுக்கு ஓடியிருப்பார்கள். 1938-ல் ராஜாஜி மந்திரிசபை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்தது. கடனையும் வட்டியையும் குறைக்கச் சொல்லிக் குடியானவர்கள் மனுப் போட்டார்கள். கடன் கொடுத்த தாத்தா அதில் எதிர்மனுதாரராக இருப்பார்.

மஞ்சள் கடுதாசி கொடுத்த தாத்தாவும் உண்டு. வீட்டில் அதை வெளியே சொல்லமாட்டார்கள். "திடீர்னு கடையை மூடிட்டாங்க", "ராத்திரியோட ராத்திரியா மாயவரம் போயிட்டாங்க" என்று மட்டும் சொல்வார்கள். அப்படி ஒரு பேச்சு இருந்தால் ஐ.பி. என்கிற திவால் மனுவைத் தேடு, அறிவிப்பு மாவட்ட கெஜட்டிலும் வந்திருக்கும். யாருக்கு எவ்வளவு தர வேண்டும், யாரிடமிருந்து எவ்வளவு வர வேண்டும், கையில் என்ன சரக்கு என்று ஒரு வியாபாரியின் முழு உலகமும் அந்த மனுவில் இருக்கும். அது கிடைத்தால் வெட்கப்படாதே. மழை பொய்த்தாலும், பருத்தி விலை விழுந்தாலும், 1942-ல் பர்மாவில் போட்ட முதல் போனாலும் நேர்மையானவர்களும் நொடித்துப்போனார்கள். லெப்பைக்குடிக்காடு மாதிரி கடல் கடந்து போன குடும்பங்கள் உள்ள ஊர்க்காரர்கள் பினாங்கு, ரங்கூன், கொழும்பு விலாசங்களையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

பெண்கள் பெயரில் தேடு

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இதுதான். வியாபாரிகள் கடன்காரர்களுக்குப் பயந்து சொத்தை மனைவி பெயரில், மாமியார் பெயரில் வாங்கினார்கள். தாத்தா பெயரில் ஒன்றுமே இல்லை என்றால் பாட்டி பெயரில் பார். அவர் பெயர் தெரியவில்லையா? ஜீவனாம்ச வழக்கில் கிடைக்கும். குழந்தை இல்லாத விதவை, மூத்த தாரம், அறுத்துக்கட்டி வந்தவர் என்று குடும்பம் பேசாமல் விட்ட பெண்கள் எல்லாம் அந்த வழக்குகளில் தங்கள் பெயரோடு, தகப்பன் பெயரோடு, நகைப் பட்டியலோடு நிற்பார்கள். பாகப்பிரிவினை வழக்கின் பிராதில் வம்சாவளியே எழுதியிருப்பார்கள். 1937-ல் இந்து விதவைக்குக் கணவன் பங்கில் உரிமை தரும் சட்டம் வந்த பிறகு இப்படிப்பட்ட வழக்குகள் கூடின. உன் குடும்ப மரத்தில் ஆண்கள் மட்டும் வரிசையாக நின்றால் அது பாதி மரம்தான். அந்தப் பாட்டிகளின் பெயரை எழுதாமல் தேடலை முடிக்காதே.

சத்திரம், கட்டளை, எழும்பூர்

சம்பாதித்த வியாபாரி கோயிலுக்குக் கட்டளை வைப்பார், வழிப்போக்கருக்குச் சத்திரம் கட்டுவார், தண்ணீர்ப் பந்தல் போடுவார். அதற்கு இனாம் நிலம் இருந்தால் அவர் 1858-க்குப் பிறகு வேலை செய்த இனாம் கமிஷனின் பதிவேட்டில் இருப்பார். வக்கீல்கள் ஐ.எஃப்.ஆர். என்பார்கள். முதலில் தானம் கொடுத்தவர் யார், எந்தக் காரியத்துக்கு, இப்போது அனுபவிப்பவர் யார் என்றெல்லாம் அதில் பத்தி பத்தியாக இருக்கும். எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் கிராமப் பெயர் சொல்லி நகல் கேட்கலாம். கோயில் கட்டளை என்றால், அறநிலையத் துறைச் சட்டப்படி ஒவ்வொரு கோயிலும் வைத்திருக்க வேண்டிய சொத்துப் பதிவேட்டையும் பார். கிறிஸ்தவக் குடும்பம் என்றால் ஏலாக்குறிச்சி மாதிரிப் பழைய பங்குகளின் ஞானஸ்நானம், கல்யாணப் பதிவேடுகளைப் பங்குச் சாமியாரிடம் கேட்டுப் பார்க்கலாம்.

1865-க்கு முன்னால் போக வேண்டுமா? அதற்கும் எழும்பூர்தான். திருச்சி கலெக்டர் கடிதங்கள், 1786-ல் தொடங்கிய ரெவினியூ போர்டு நடவடிக்கைகள் எல்லாம் அங்கே. கையால் எழுதிய ஆங்கிலம், பொறுமை வேண்டும். வெள்ளைக்காரர்கள் நம் ஊர்ப் பெயர்களை வாய்க்கு வந்தபடி எழுதினார்கள். வாலிகண்டபுரம் அவர்களுக்கு வால்கொண்டா, உடையார்பாளையம் வாரியர்பொல்லம். இந்த எழுத்துகளிலும் தேடாவிட்டால் உன் ஊர் அங்கே இல்லவே இல்லை என்று திரும்பிவிடுவாய். தொகை வராகனில் இருந்தால் ஒரு வராகன் மூன்றரை ரூபாய் என்று வைத்துக்கொள்.

அந்தக் காலத்து வாழ்க்கை மனசில் படிய, எழும்பூர் போகுமுன் உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்' முன்பகுதியைப் படித்துவிடு. சிறுவயதில் அரியலூரிலும் குன்னத்திலும் வளர்ந்தவர் அவர். உன் முப்பாட்டன் நடந்த தெருக்களில்தான் அவரும் ஏறக்குறைய அதே காலத்தில் நடந்திருக்கிறார்.

ஒவ்வொரு நகலின் மேலும் அன்றைக்கே பென்சிலால் எழுது: எந்த அலுவலகம், எந்தப் புத்தகம், எந்தப் பக்கம். தேடியும் கிடைக்காத வருஷங்களையும் நோட்டில் குறி, நாளைக்கு உன் தங்கச்சி மகன் அதே வருஷத்துக்கு மறுபடி கட்டணம் கட்ட வேண்டாம். அலுவலகத்தில் வாயால் "இல்லை" என்றால் பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமை மனுப் போடு, முப்பது நாளில் எழுத்தில் பதில் வர வேண்டும். "இந்த வருஷத்துப் பதிவேடு உங்கள் அலுவலகத்தில் உள்ளதா, இல்லையென்றால் எங்கே மாற்றப்பட்டது?" என்று ஒரே ஒரு கேள்வி கேள். கதை எழுதாதே.